வெள்ளியில் மலரும் பூக்கள்: ஜொகூர் மண்ணில் அணியும் சொல்லும்

மலேசியத் தமிழர் நாவில் ‘வெள்ளி’ என்னும் சொல் நாள்தோறும் பலமுறை வந்து போகின்றது. ஓரிடத்தில் அது வாரத்தின் ஒரு நாள். ஓரிடத்தில் விடியலுக்கு முன் வானில் ஒளிரும் கோள். கடைத்தெருவிலோ அது பணம். நாட்டு நாணயத்தின் முறையான பெயர் ரிங்கிட் ஆயினும், ‘பத்து வெள்ளி கொடுங்கள்’ என்று கேட்பதே இங்குள்ள தமிழர் வழக்கு. முற்காலத்தில் இவ்வட்டாரமெங்கும் புழங்கிய ஸ்பானிய வெள்ளி நாணயங்களின் விளிம்பு பல் பல்லாக வெட்டப்பட்டிருந்தது. அத்தகைய விளிம்புடையது என்னும் பொருளிலேயே மலாய் மொழியில் ‘ரிங்கிட்’ என்னும் பெயர் எழுந்தது. மலாய் மக்கள் நாணயத்தின் விளிம்பைக் கண்டு பெயரிட்டனர். தமிழர் அதன் உலோகத்தைக் கண்டு பெயரிட்டனர். இன்று நாணயத்தில் வெள்ளி இல்லை. சொல்லில் மட்டும் அது எஞ்சியிருக்கின்றது.

ஜொகூர் என்னும் பெயரே மணியைக் குறிக்கும் ‘ஜவ்ஹர்’ என்ற அரபுச் சொல்லின் வழி வந்ததென்பர். மணியின் மதிப்பை மணி வல்லவரே அறிவர் எனப் பொருள்படும் மலாய்ப் பழமொழி ஒன்றும் உண்டு. அதில் மணி வல்லவரைக் குறிக்கும் ‘ஜவ்ஹாரி’ அரபு வழிச் சொல். மணியைக் குறிக்கும் ‘மணிக்கம்’ நம் மாணிக்கத்தோடு உறவுடைய சொல். ஒரே பழமொழியில் மூன்று மொழிகள் கைகோத்து நிற்கும் மண்ணில் நின்று, பூவும் வெள்ளியும் அணியாகக் கூடும் கலையை ஆராய்வது பொருத்தமே.

இவ்வுரையில் நாம் எழுப்பிக்கொள்ளும் வினா இது: நிறமும் மணமும் மென்மையும் உடைய பூ, இவற்றுள் ஒன்றும் இல்லாத உலோகமாக மாறும்போது, அதன் பொருள் எவ்வாறு அழியாமல் நிற்கின்றது? இவ்வினாவிற்கு விடை காணும்பொழுது, கைவினை வெள்ளி நகை எவ்வாறு உருவாகின்றது என்பதையும், அத்தொழிலோடு நம் மொழிக்கு உள்ள உறவு எத்தகையது என்பதையும் ஒருங்கே அறியலாம்.

பூ முன்னே, பொன் பின்னே

தமிழ் அணிகலப் பெயர்களைச் சற்று நிறுத்திப் பார்ப்போமாயின் ஓர் உண்மை புலப்படும். ‘தோடு’ என்பது காதணி. அதுவே ஓலைக்கும் பூவின் இதழுக்கும் பெயர். ‘குழை’ என்பது காதணி. அதுவே தளிருக்கும் பெயர். ‘கொப்பு’ என்பது மகளிர் காதில் அணிவது. மரத்தின் கிளையும் கொப்பே. தாலிக்கொடி, அரைஞாண்கொடி என்பவற்றிலுள்ள ‘கொடி’ படரும் செடியன்றி வேறில்லை. ‘மாலை’ என்றால் பூமாலையும் உண்டு, காசுமாலையும் உண்டு. மாங்காய் மாலை, மல்லிகை மொட்டு மாலை என்னும் பெயர்களுக்கு விளக்கமே வேண்டா.

இவை தற்செயலாக நேர்ந்த ஒற்றுமைகள் அல்ல. முதலில் மக்கள் ஓலையைச் சுருட்டிக் காதில் செருகினர். தளிரைக் குழையாக அணிந்தனர். பூவைத் தொடுத்துக் கழுத்தில் இட்டனர். வாடும் அணிகளுக்கு மாற்றாக வாடாத உலோகம் வந்தபோது, பொருள் மாறியது, பெயர் மாறவில்லை. ஆகவே பூவடிவ நகை என்பது பிற்காலத்தில் யாரோ கண்டுபிடித்த அழகுப் புதுமையன்று. நகை என்னும் கருத்தே நம்மிடையே பூவிலிருந்தும் இலையிலிருந்தும் தோன்றிய ஒன்றாகும்.

இதற்குச் சங்க இலக்கியம் தரும் சான்று இவ்வுரைக்கு மிகவும் நெருக்கமானது. பாடிப் பரிசில் பெறும் பாணர்க்கு அரசர் பொன்னாற் செய்த தாமரைப் பூவைச் சூட்டுவது அக்கால வழக்கம். புறநானூற்றின் 11ஆம் பாடல், சேரமான் பாலை பாடிய பெருங்கடுங்கோவைப் பேய்மகள் இளவெயினி பாடியது. அதில் பாடினி பொன்னணி பெற்றதும், பாணன் பொற்றாமரை பெற்றதும் கூறப்படுகின்றன. அத்தாமரை எதனால் தொடுக்கப்பட்டிருந்தது என்பதையும் புலவர் குறிக்கத் தவறவில்லை: வெள்ளியாலான நாரினால் அது தொடுக்கப்பட்டிருந்தது. வாழை நாரால் பூத் தொடுக்கும் பழக்கம் உலோகத்திலும் அப்படியே பின்பற்றப்பட்டதை இங்குக் காண்கிறோம். வெள்ளியை மெல்லிய கம்பியாக இழுக்கும் திறன் அக்காலத்துக் கம்மியரிடம் இருந்தது என்பதற்கும் இது சான்றாகின்றது.

பூக்கள் பேசும் மொழி

ஒரு பூ ‘குறியீடு’ ஆவது எப்போது? அதைக் கண்டவுடன் ஒரு சமூகத்தார் அனைவர்க்கும் ஒரே கருத்து உள்ளத்தில் தோன்றும்போது. தமிழர் இவ்வகையில் பூவை ஓர் எழுத்தைப் போலவே பயன்படுத்தினர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் ஐந்திணைப் பெயர்களும் மரஞ்செடிகளின் பெயர்களே. புறத்திணையிலும் அவ்வாறே. ஆநிரை கவர்வோர் வெட்சி சூடினர். பகைவர் நாட்டின்மேற் செல்வோர் வஞ்சி சூடினர். மதிலை வளைப்போர் உழிஞை சூடினர். நேர்நின்று பொருவோர் தும்பை சூடினர். வென்றோர் வாகை சூடினர். தேர்தலில் வென்றவரை ‘வாகை சூடினார்’ என்று இன்றும் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. வாகைப் பூவை நேரிற் காணாதவர்க்கும் அதன் பொருள் விளங்குகின்றது. சேரர்க்குப் பனம்பூ, சோழர்க்கு ஆத்தி, பாண்டியர்க்கு வேம்பு என அரச மரபுகளுக்கும் பூ அடையாளமாயிற்று. போர்க்களத்தில் பூவைக் கண்டே படையை அறிந்தனர்.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்கள் அடுக்கப்பட்டுள்ளமை ஆசிரியர்கள் அறிந்ததே. ஆரிய அரசன் பிரகத்தத்தனுக்குத் தமிழின் இயல்பை அறிவுறுத்தவே அப்பாடல் பாடப்பட்டது என்று மரபு கூறும். மொழியைக் கற்பிக்கப் பூக்களின் பெயர்களைத் தேர்ந்தெடுத்த ஆசிரியர் ஒருவரை நம் மரபு போற்றி வைத்திருக்கின்றது என்பது நினைவில் இருத்தத்தக்கது.

பூவின் பருவங்களுக்கும் தனித்தனிச் சொற்கள் உள. அரும்பு, மொட்டு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் எனத் தோன்றுவது முதல் வாடி உதிர்வது வரை ஒவ்வொரு நிலையையும் தமிழ் பெயரிட்டு வைத்துள்ளது. இச்சொற்கள் வெறும் புலமைப் பெருக்கமல்ல. எந்தப் பருவத்தில் பூவை நிறுத்தி உலோகத்தில் வடிப்பது என்பதே நகை செய்வோரின் முதல் முடிவாகும். மல்லிகையை மலராக வடித்தால் அது பத்தோடு ஒன்றான வெள்ளைப் பூ. மொட்டாக வடித்தால் மட்டுமே அது மல்லிகை. செம்பருத்தியை மொட்டாக வடித்தால் அடையாளம் தெரியாது. முழுதும் விரிந்த அலராக வடித்தால்தான் அது செம்பருத்தி. பருவத்தைக் குறிக்கும் சொல்லை அறிந்த கைவினைஞரே பருவத்தைத் தேர்ந்தெடுக்கவும் அறிவார்.

ஜொகூர் மண்ணின் மலர்கள்

நம் நாட்டில் மலர்க்குறியீடு சட்டம், கல்வி, அரசு ஆகியவற்றோடு பிணைந்துள்ளது. 1960ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள், பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் காலத்தில், செம்பருத்தி தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. மலாய் மொழியில் அதற்குப் ‘புங்கா ராயா’ என்று பெயர். அதன் ஐந்து இதழ்களும் 1970இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளைக் குறிக்கும் என்று பள்ளிகளில் கற்பிக்கிறோம். அதே செம்பருத்தி தமிழர் இல்லங்களில் அம்மன் வழிபாட்டிற்குரிய பூவாகவும், கூந்தலுக்கு எண்ணெய் காய்ச்சும் மருந்தாகவும் விளங்குகின்றது. ஒரே வேலியில் பூத்த ஒரே பூவைப் பள்ளிச் சிறுமி தேசிய மலராக வரைகின்றாள். அவள் பாட்டியார் வழிபாட்டிற்காகப் பறிக்கின்றார். இவ்விரு பொருளும் ஒன்றையொன்று விலக்குவதில்லை.

ஜொகூருக்கே உரிய குறியீடு வேறொன்றும் உண்டு. மாநிலச் சின்னத்தில் மிளகும் கம்பிரும் இடம்பெற்றுள்ளன. 19ஆம் நூற்றாண்டில் இம்மாநிலத்தின் செல்வம் இவ்விரு பயிர்களால் வளர்ந்தது. சீனப் பயிரிடுவோர் ஆற்றங்கரைகளில் இவற்றை ஒருசேர வளர்த்தனர். கம்பிர் இலையை வேகவைத்து எடுக்கும் சாறு தோல் பதனிடுவதற்கும் சாயமிடுவதற்கும் பயன்பட்டது. சாறு எடுத்தபின் எஞ்சிய சக்கை மிளகுக் கொடிக்கு எருவாயிற்று. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகும் இவ்வுறவே இரண்டையும் ஒரே சின்னத்தில் இணைத்தது எனலாம். மிளகோ தென்னிந்திய மலைச்சாரலைத் தாயகமாகக் கொண்ட கொடி. ஆக, ஜொகூர்ச் சின்னத்தில் நம் மூதாதையர் மண்ணின் கொடி ஒன்று படர்ந்திருக்கின்றது.

மலாய்ப் பூப்பெயர்களிலும் உறவு காணலாம். ‘செம்பாக்கா’ என்பது செண்பகம். ‘செரோஜா’ என்பது சரோஜம், அதாவது தாமரை. இவை வடமொழி வழியாக இரு மொழிகளிலும் கலந்தவை. மலாயர் ‘மெலூர்’ என்பது நம் மல்லிகை. ‘தஞ்சோங்’ என்பது நம் மகிழம்பூ. ஜொகூர் பாரு நகரில் ஜாலான் ஊங்கு புவான் சாலையில், இராஜமாரியம்மன் ஆலயத்தைச் சூழ்ந்துள்ள பூக்கடைகளில் தொங்கும் மல்லிகைச் சரத்தை எந்த மொழிக்காரரும் பெயர் சொல்லிக் கேட்க இயலும்.

நிறம் இழந்த மலரை எதனால் அறிகிறோம்?

இனி நம் முதல் வினாவிற்கு வருவோம். வெள்ளியில் சிவப்பு இல்லை, மணம் இல்லை, காற்றில் அசையும் மென்மையும் இல்லை. எஞ்சுவது வடிவம் ஒன்றே. ஆகவே நகை செய்வோர் பூவை முழுமையாகப் படியெடுக்க முயல்வதில்லை. அப்பூவைப் பிற பூக்களிலிருந்து பிரித்துக் காட்டும் ஓர் உறுப்பைக் கண்டறிந்து, அதனை மிகையாகவும் பிறவற்றைக் குறைவாகவும் காட்டுகின்றனர்.

தாமரைக்கு அவ்வுறுப்பு இதழ்களின் அடுக்கு. மல்லிகைக்கு நீண்டு கூம்பிய மொட்டும் அதன் மெல்லிய காம்பும். செம்பருத்திக்கு, இதழ்களைக் கடந்து வெளியே நீண்டு நிற்கும் மகரந்தத் தண்டு. அத்தண்டை நீக்கிவிட்டால், ஐந்து இதழ் இருந்தும் அது செம்பருத்தியாகத் தோன்றாது. மிளகிற்குத் தொங்கும் கதிரும் அதில் நெருங்கிய மணிகளும். கம்பிருக்குச் சிறு பூக்கள் சேர்ந்து அமைந்த உருண்டைக் கொத்து. இவ்வாறு ஒரு பொருளின் சாரத்தை ஓர் உறுப்பில் கண்டு தேர்வது கவிதைக்கும் நகைத்தொழிலுக்கும் பொதுவான அறிவாகும். உவமையில் பொதுத்தன்மையைத் தேடக் கற்கும் மாணவர் இதனை எளிதில் உணர்வர்.

வெள்ளியின் வெண்மை சில பூக்களுக்கு இயல்பாகவே பொருந்தும். மல்லிகை, முல்லை, தும்பை ஆகியவை வெண்மலர்கள். அவற்றிற்கு வெள்ளி மாற்று உலோகமன்று, தகுந்த உலோகமே. மேலும், பொன்னைத் திருமகளாகப் போற்றும் தமிழ்க் குடும்பங்களில் அதனைக் காலில் அணிவதில்லை. ஆதலால் கொலுசு, தண்டை, மெட்டி ஆகியன வெள்ளியிலேயே செய்யப்படுகின்றன. குழந்தையின் முதல் அணியும் மணமகளின் மெட்டியும் வெள்ளியாக அமைவதால், வாழ்வின் தொடக்கங்களோடு இவ்வுலோகம் தொடர்புபட்டு நிற்கின்றது.

இருபது கிராமில் ஒரு செம்பருத்தி

கைவினையாக ஒரு செம்பருத்திப் பதக்கம் உருவாகும் முறையைப் படிப்படியாகக் காண்போம்.

தூய வெள்ளி மிகவும் மெத்தென்றது. அணிந்தால் எளிதில் வளையும். ஆகவே நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளியும் 7.5 பங்கு செம்பும் கலந்து பயன்படுத்துவது உலக வழக்கு. நகையின் பின்புறத்தில் பொறிக்கப்படும் 925 என்னும் எண் இதனையே குறிக்கின்றது. 20 கிராம் எடையுள்ள பதக்கத்திற்கு 18.5 கிராம் வெள்ளியும் 1.5 கிராம் செம்பும் வேண்டும். இவ்வளவு உலோகத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 2 கன சென்டிமீட்டர். தேநீர்க் கரண்டியில் பாதியைக்கூட அது நிரப்பாது. அதற்குள்ளிருந்தே ஐந்து இதழ்களும், புல்லியும், மகரந்தத் தண்டும், கோப்பதற்குரிய வளையமும் வரவேண்டும். கைவினைஞரின் சிக்கனமும் கற்பனையும் இங்கே தொடங்குகின்றன.

முதற்படி உருக்குதல். தூய வெள்ளி சுமார் 962 பாகை செல்சியசில் உருகும். மூசையில் இட்ட உலோகத்தின்மீது சிறிது வெங்காரம் தூவினால், அழுக்கு விலகி உருக்கு தெளியும். உருகியதை அச்சில் ஊற்றிச் சிறு கட்டியாக்குவர்.

இரண்டாம் படி தகடாக்குதல். கட்டியைப் பட்டடைமேல் வைத்துச் சுத்தியலால் அடிப்பர். அடிக்க அடிக்க உலோகம் இறுகும். தொடர்ந்து அடித்தால் விளிம்பில் வெடிக்கும். ஆகவே இடையிடையே மங்கிய செந்நிறம் தோன்றும்வரை காய்ச்சி ஆற்றுவர். இறுகியது மீண்டும் இளகிவிடும். எப்போது நிறுத்திக் காய்ச்சுவது என்பதைச் சுத்தியலின் ஒலி மாற்றமே கூறிவிடும். இதனை எந்தப் புத்தகமும் முழுதாகக் கற்பிக்க இயலாது, காது பழகவேண்டும்.

மூன்றாம் படி இதழ் அமைத்தல். தகட்டில் இதழை வரைந்து அறுத்தெடுப்பர். அதனை இளக்கிய அரக்கின்மேல் பதித்து, பின்புறமாகத் தட்டி உப்பச் செய்வர். பிறகு திருப்பி வைத்து, முன்புறத்தில் மழுங்கிய சிற்றுளியால் நரம்புகளைப் பதிப்பர். உலோகத்தை வெட்டி எடுக்காமல், தள்ளி நகர்த்தியே மேடுபள்ளம் உண்டாக்குவது இவ்வேலையின் நுட்பம்.

நான்காம் படி மகரந்தத் தண்டு. துளைகள் வரிசையாகக் குறுகிச் செல்லும் எஃகுத் தகடாகிய கம்பியச்சின் வழியே வெள்ளியை இழுத்து மெல்லிய கம்பியாக்குவர். சிறு சிறு கம்பித் துண்டுகளைக் கரித்துண்டின்மேல் வைத்துச் சூடேற்றினால், அவை உருகியவுடன் தாமே உருண்டு மணிகளாகும். நீர்த்துளி உருண்டு நிற்பதற்குக் காரணமான பரப்பு இழுவிசையே இதற்கும் காரணம். இம்மணிகளைத் தண்டைச் சுற்றிப் பொருத்தினால் மகரந்தப் பைகள் ஆகும். நுனியில் ஐந்து மணிகளை வைத்தால் ஐந்தாகப் பிரிந்த சூல்முடி ஆகும். மிளகுக் கதிரைச் செய்வதற்கும் இம்முறையே ஏற்றது.

ஐந்தாம் படி பொருத்துதல். செம்பருத்தியின் இதழ்களை உற்று நோக்கினால், ஒவ்வோர் இதழும் ஒருபுறம் அடுத்த இதழை மூடியும், மறுபுறம் மற்றோர் இதழால் மூடப்பட்டும் இருப்பதைக் காணலாம். எந்த இதழும் முழுதும் மேலே இல்லை. எந்த இதழும் முழுதும் கீழே இல்லை. இவ்வொழுங்கைப் பின்பற்றாமல் இதழ்களை வெறுமனே ஒட்டினால் பூ உயிரற்றுத் தோன்றும். ஐந்து கோட்பாடுகளைக் குறிக்கும் பூவிற்கு இவ்வமைப்பு எத்துணைப் பொருத்தம் என்பதை மாணவர் தாமே சிந்திப்பாராக. இதழ்களை வெங்காரம் தடவி, வெள்ளியினும் குறைந்த சூட்டில் உருகும் பற்றாசு இட்டு, ஊதுகுழலின் தீநாக்கால் இணைப்பர். ஒரு நொடி மிகுந்தாலும் இதழே உருகிவிடும்.

இறுதிப்படி துலக்குதல். சூட்டினால் கறுத்த மேற்பரப்பைப் படிகார நீரிலோ புளிக்கரைசலிலோ இட்டுத் தெளிவிப்பர். பூந்திக்கொட்டை நுரையும் தூரிகையும் கொண்டு தேய்த்து ஒளியேற்றுவர். நரம்புப் பள்ளங்களில் மட்டும் கருமையை விட்டுவைப்பதும் உண்டு. நிறமில்லாத பூவிற்கு நிழலே நிறமாக அமைகின்றது.

வடசேரி முதல் கிளந்தான் வரை

பூவும் வெள்ளியும் கூடிய கலை பல ஊர்களில் பல முகங்கொண்டு விளங்குகின்றது. கன்னியாகுமரி மாவட்டம் நாகர்கோவிலைச் சார்ந்த வடசேரியில் கோயில் நகைகள் செய்யப்படுகின்றன. வெள்ளியை அடித்தளமாகக் கொண்டு, செந்நிற, பச்சைநிறக் கற்களைப் பதித்து, பொற்றகடு போர்த்துவது அவற்றின் மரபு முறை. தெய்வத் திருமேனிகளுக்காக எழுந்த இவ்வணிகள் பின்னர்ப் பரதநாட்டிய மேடைக்கு வந்தன. அரங்கேற்றம் காணும் மலேசிய மாணவியர் அணியும் இராக்கொடியும், சூரியப்பிறையும், சந்திரப்பிறையும் இம்மரபின் வடிவங்களே. சேலத்து வெள்ளிக் கொலுசின் புகழ் யாவரும் அறிந்தது. தெலுங்கானா மாநிலத்தின் கரீம்நகரும் ஒடிசாவின் கட்டாக் நகரும் வெள்ளிக் கம்பிவேலைக்குப் பேர்பெற்றவை.

நம் நாட்டில் வெள்ளி வேலைக்குப் பெயர்பெற்றது கிளந்தான் மாநிலம். தட்டிப் புடைக்கும் வேலையும் கம்பிவேலையும் அங்கு வளர்ந்துள்ளன. பூவும் கொடியும் இலையும் அவற்றின் முதன்மை வடிவங்கள். உயிர்களின் உருவத்தைத் தவிர்த்துச் செடிகொடிகளை நாடிய இஸ்லாமியக் கலைமரபு அதற்கு ஊக்கமளித்தது. மலாய்க் குழந்தைகள் அணிந்த ‘சாப்பிங்’ என்னும் வெள்ளி இலையும், தமிழ்க் குழந்தைகள் அணிந்த அரசிலை வடிவ அரைமூடியும் வடிவிலும் பயனிலும் ஒன்றையொன்று ஒத்தவை. இரண்டும் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டன, இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால் மாணவர்க்கு அது நல்லதொரு வரலாற்றுப் பாடமாகும்.

கருமையும் காப்பும்

வெள்ளி கறுப்பது ஏன் என்று மாணவர் கேட்பர். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு கூடி, கரிய வெள்ளிச் சல்பைடை உண்டாக்குகின்றன. ஈரப்பதம் மிகுந்த ஜொகூர்த் தட்பவெப்பத்தில் இது விரைந்து நிகழும். கந்தகம் கலந்து பதப்படுத்திய இரப்பரும் வெள்ளிக்குப் பகை. இரப்பர் வளையத்தால் கட்டி வைத்த கொலுசு, அது பட்ட இடத்தில் கறுத்திருப்பதைக் காணலாம். இரப்பர்த் தோட்டங்களால் வாழ்வு பெற்ற சமூகம் தன் வெள்ளியை இரப்பரிடமிருந்து விலக்கி வைக்க வேண்டியுள்ளது.

நம் வீடுகளில் திருநீற்றால் வெள்ளியைத் துலக்கும் வழக்கம் உண்டு. மென்மையான பொடி மேற்பரப்பை மிகுதியாகச் சிராய்க்காமல் கருமையை அகற்றுகின்றது. வகுப்பறையில் செய்யத்தக்க சோதனை ஒன்றும் உண்டு. பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, வெந்நீரும் சமையல் சோடாவும் இட்டு, கறுத்த வெள்ளியை அத்தாளின்மேல் படுமாறு வைத்தால், கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்தை நாடும். வெள்ளி மீண்டும் வெண்மையுறும். ஆயினும் பள்ளங்களில் வேண்டுமென்றே விடப்பட்ட கருமையும் இதனால் நீங்கிவிடும். ஆதலால் பூவேலை மிக்க நகைகளுக்கு இம்முறை ஏற்றதன்று.

சொற்களைக் காத்தல்

இன்று கடைகளில் கிடைக்கும் பூவடிவ வெள்ளி நகைகளுள் பெரும்பகுதி வார்ப்பு வேலை. ஒரு மாதிரியிலிருந்து அச்செடுத்து, மெழுகில் படிகள் எடுத்து, ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் வார்க்கலாம். விலை குறைவு, வாங்குவோர்க்கு அது நன்மையே. அதனை நாம் இகழவில்லை. ஆனால் வார்ப்பில் முடிவு ஒருமுறைதான் எடுக்கப்படுகின்றது. கைவினையில் ஒவ்வொரு பூவிற்கும் முடிவு புதிதாக எடுக்கப்படுகின்றது. வேறுபாட்டை அறிய நகையைத் திருப்பிப் பாருங்கள். கைவேலையின் பின்புறத்தில் தட்டிய சுவடும் பற்றவைத்த இணைப்பும் தெரியும். சிலப்பதிகாரத்தில் இரு சிலம்புகளைப் பிரித்துக் காட்டியது புறத்தோற்றமன்று. உள்ளே இருந்த பரலே. ஒன்றில் முத்து, மற்றொன்றில் மாணிக்கம். உள்ளிருப்பதை ஆராயாது புறத்தை மட்டும் கண்டு தீர்ப்பளித்ததன் விளைவை அக்காப்பியம் கூறுகின்றது.

கைவேலை குறையும்போது பொருள் மட்டும் மறைவதில்லை. மூசை, பட்டடை, கம்பியச்சு, சாமணம், பற்றாசு, வெங்காரம், துருத்தி ஆகிய சொற்கள் நூலகத்தில் பிறந்தவையல்ல, பட்டறையில் பிறந்தவை. பட்டறை மூடப்பட்டால் அவை அகராதியில் மட்டும் எஞ்சும். பரம்பரையாக இத்தொழில் செய்த குடும்பங்களின் இளையோர் பலர் வேறு பணிகளை நாடுகின்றனர்; அது அவர்தம் உரிமை. ஆயின் முதியோர் நாவிலுள்ள சொற்களை அவர்களோடு போகவிடுவது நம் பொறுப்பின்மை.

இம்மண்ணிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1956ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் ஜொகூர் பாருவில் ‘பாலாய் புஸ்தாகா’ என்னும் பெயரில் தொடங்கப்பட்ட அமைப்பே, பின்னர் டேவான் பஹாசா டான் புஸ்தாகாவாக வளர்ந்து மலாய் மொழியின் கலைச்சொற்களைத் திரட்டியது. மொழி வளர்ச்சி சொல் திரட்டலில் தொடங்கும் என்பதை இந்நகரம் அறியும். தமிழ்ப்பள்ளிகளும் தம் அளவில் அதனைச் செய்யலாம்.

ஆசிரியர்கள் முன் மூன்று பணிகளை வைக்கின்றோம். முதலாவது, பள்ளித் தோட்டத்தில் ஒரு பூவைத் தேர்ந்து, அரும்பு முதல் செம்மல் வரை நாள்தோறும் மாணவர் அதை வரைந்து, உரிய சொல்லை எழுதச் செய்தல். இரண்டாவது, தீயும் அமிலமும் இன்றி, மெல்லிய செம்புத் தகட்டை மெத்தையான துணிமேல் வைத்து, மழுங்கிய எழுதுகோலால் பின்புறம் அழுத்தி ஓர் இதழை உப்பச் செய்தல். விளிம்பு கையைக் கீறாதபடி மடித்துக் கொடுப்பது ஆசிரியர் கடமை. மூன்றாவது, அருகிலுள்ள நகைப்பட்டறைக்குச் சென்று, கருவிகளின் பெயர்களையும் செயல்களின் பெயர்களையும் கேட்டு, ஒலிப்பதிவு செய்து, மலாய்ப் பெயர்களோடு இணைத்துப் பட்டியலிடல். வட்டார வழக்கு வேறுபட்டால் அதனையும் திருத்தாமல் அவ்வாறே பதிதல் வேண்டும்.

நிறமும் மணமும் இழந்த பூ உலோகத்தில் எவ்வாறு பொருள் இழக்காமல் நிற்கின்றது என்னும் வினாவிற்கு விடை இப்போது தெளிவு. காண்போர் உள்ளத்தில் அப்பூவின் பெயரும் பொருளும் உள்ளவரை மட்டுமே அது பூ. பெயர் மறந்தால், எத்துணை நுட்பமாகச் செய்யப்பட்டிருப்பினும், அது வளைந்த வெள்ளித் தகடு. ஆகவே கைவினைஞர் பாதி வேலையைச் செய்கின்றனர். எஞ்சிய பாதியைச் செய்வோர் மொழியாசிரியர்களே.